கழன்றுகொண்டே இருந்த போல்ட்

அந்த ஜாம்பியாக் கிராமத்து ஜனங்களைப் பற்றி முதல் அபிப்பிராயம் என்று கேட்டால் சோம்பேறித்தனம்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் அம்மணி. உங்கள் ஆபீஸ் மலரில் போடமாட்டார்கள், தெரியும். முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்து கேட்கிறீர்கள். இனிமேல் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

போனை இன்னும் கொஞ்சம் கிட்டே வையுங்கள். என் குரல் சின்னக் குரல். "நீங்க பேசறது உங்களுக்காச்சும் கேக்குதுங்களா?" என்று பாவாயி கேட்பாள். பாவாயி என் சம்சாரம். இப்போது இல்லை. அது வேறு விஷயம், இதில் வராது.

என் பெயர் அர்த்தநாரி என்று போடுங்கள். தொழில் அடிபம்பு மெக்கானிக். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஆம்பளை என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் போவான், இல்லையென்றால் போர் லாரிக்கு ஏதாவது மாட்டுவான், கழற்றுவான். நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் கற்றுக்கொண்டது பம்போடு வருகிற சின்னப் புத்தகத்தைப் பார்த்து. நட்டை இறுக்கு, வாஷரை மாற்று, கிரீஸ் போடு என்று எதை வேண்டுமானாலும் இங்கிலீஷில் சொல்லிவிடுவேன். சௌக்கியமா என்று கேட்கத்தான் வராது.

நம் நாட்டு அடிபம்பைத்தான் ஜாம்பியாவிலும் போட்டிருந்தார்கள். அதைத் தெரிந்த ஆள் ஒருவர் தொண்டராக வந்து, கிராமத்திலேயே இரண்டு வருஷம் தங்கி, அங்கிருப்பவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கவேண்டும் என்று உங்கள் ஆபீஸில் கேட்டார்கள். ஒரு இன்ஜினியர் என் பெயரைக் கொடுத்தார். அப்போது பாவாயி போய் எட்டு மாதம். அதனால்தான் கிளம்பினான் என்று ஊரில் பேசினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். வீட்டில் எனக்கு என்ன குறை? இரண்டு அறை. சமைக்கத் தெரியும். ரேடியோ இருந்தது.

கிராமத்தின் பெயர் கசோமா. சிப்பாட்டா என்கிற டவுனிலிருந்து ஜீப்பில் மூன்று மணி நேரம். போய் இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். பாராட்டுகிற தட்டு இல்லை அம்மணி. இரண்டு கையையும் குவித்துக்கொண்டு மெதுவாக, டொப் டொப் என்று. அதுதான் அவர்கள் வணக்கம். பெண்கள் முழங்காலில் உட்கார்ந்து தட்டுவார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் திருப்பிக் கேட்கவேண்டும். நீங்கள் நன்றாகத் தூங்கியிருந்தால் நானும் நன்றாகத் தூங்கினேன் என்பார்கள். முப்பது பேரிடம் இதைச் சொல்லி முடிக்க வெயில் ஏறிவிடும். எனக்கு முதல் நாளே பொறுக்கவில்லை. நான் எப்படித் தூங்கினால் இவர்களுக்கு என்ன?

அங்கே எனக்கு இங்கிலீஷில் பேச இருந்த ஒரே ஆள் பள்ளிக்கூட வாத்தியார் ம்வாலே. நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். முதல் நாள் சாயங்காலம் களி கொண்டுவந்தார். நம் களிதான், ராகிக்குப் பதில் வெள்ளை மக்காச்சோளம். கூடவே நெத்திலி மாதிரி ஒரு காய்ந்த மீன். சாப்பிடும்போது குடும்பம் எத்தனை பேர் என்று விசாரித்தார். பிள்ளை இல்லை என்றேன். சம்சாரம்? இறந்துவிட்டாள், எட்டு மாதம் ஆகிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டார். அப்புறம் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் என் வாசலில் நாற்பது பெண்கள். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்கள் தள்ளி ஒரு மரக்கட்டை மேல். யாரும் பேசவில்லை. நான் பல் விளக்கினேன், பார்த்தார்கள். டீ போட்டேன், பார்த்தார்கள். நடுவில் ஒரு கிழவி மெல்லிய குரலில் ஏதோ பாடினாள், மற்றவர்கள் கூடவே முனகினார்கள். மத்தியானம் ஆயிற்று. எழுந்திருக்கவில்லை. போகும்போது ஆளுக்கு ஒரு தட்டு மாவை என் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் இப்படி.

மூன்றாம் நாள் ம்வாலேயைக் கூப்பிட்டேன். "இவங்களுக்கு வேற வேலையே இல்லையா? வெளிநாட்டு ஆளைப் பார்த்ததே இல்லையா? எழுந்து போய் அவங்கவங்க வேலையைப் பார்க்கச் சொல்லுங்க."

அவர் அவர்களிடம் நீளமாக ஏதோ சொன்னார். நான் சொன்னது அவ்வளவு நீளம் இல்லை. பெண்கள் கை தட்டினார்கள், உட்கார்ந்தபடியே இருந்தார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு ரொம்ப ஆறுதலாக இருக்கிறது என்று சொன்னேன்."

மொழிபெயர்ப்பு சரியில்லாத ஆளை வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது, சொல்லுங்கள். நம் ஊரில் பாவாயிக்குப் பதினாறாம் நாள் முடிந்தது, பந்தலைப் பிரித்தார்கள், அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பதினேழாம் நாள் ஒரு ஆள் வந்து என் வாசலில் உட்காரவில்லை. அது ஒழுங்கு. அன்றைக்கும் காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன், அது வேறு விஷயம்.

வேலைக்கு வருகிறேன். கசோமாவில் ஒரு பம்பு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். ஆனால் ஊர் இரண்டாகக் கிடந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கலிம்பா என்று இன்னொரு குடியிருப்பு, முப்பது வீடு இருக்கும். அங்கிருந்து பெண்கள் குடத்தோடு ஒரு மணி நேரம் நடந்து வரவேண்டும், திரும்ப ஒரு மணி நேரம். நடக்க முடியாதவர்கள் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கலைக் குடிப்பார்கள். ஆபீஸ் கையில் இன்னும் ஒரே ஒரு பம்பு இருந்தது. அது கலிம்பாவுக்கா, பதினைந்து மைல் தள்ளி, ஏற்கெனவே ஒரு பம்பு இருக்கிற ம்செகா ஊருக்கா? மூன்று மாதம் பார்த்துவிட்டு நான் எழுதுகிற முதல் அறிக்கையை வைத்து முடிவு செய்வதாக அதிகாரி சொல்லியிருந்தார். "இருக்கிற பம்பை யார் ஒழுங்காக வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கு இரண்டாவது" என்றார். நியாயம்தானே? இதை ம்வாலே மூலமாக எல்லோருக்கும் முதல் வாரமே சொல்லிவிட்டேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

பழக்குவதற்கு நாலு ஆண்களைக் கேட்டேன். பம்பு பெண்களுடையது, கமிட்டியில் இருப்பது பெண்கள்தான் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரும்பு வேலைக்குப் பெண்களா? கடைசியில் நாலு ஆண்கள் மரியாதைக்கு வந்து நின்றார்கள். கமிட்டித் தலைவி மாயி எனிஃபா என்று ஒரு அம்மாள். கலிம்பாக்காரி, ஐம்பது வயது இருக்கும். மாயி என்றால் அம்மா. அவள் பின்னால் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டே பார்த்தாள். நான் சிலிண்டரைக் கழற்றி, தோல் வாஷரை எப்படி மாட்டுவது என்று காட்டினேன். அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

ம்வாலே நெளிந்தார். "வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களாம்."

அவளுக்கு என்ன தெரியும்? பார்த்தேன். தலைகீழாகத்தான் இருந்தது. வெயில் அப்படி. அந்த வாஷர்கூட கம்பெனி வாஷர் இல்லை. யாரோ மாட்டுத்தோலை வட்டமாக அறுத்து, அச்சுப் பிசகாமல் செய்து போட்டிருந்தார்கள். போர் போட்டவர்கள் அசல் வாஷரை விழுங்கிவிட்டு இதைப் போட்டுவிட்டுப் போயிருக்கவேண்டும். அதையும் அறிக்கையில் எழுதினேன்.

பழக்கி முடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் எனக்கு வேலை இல்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மாமரம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதைப் பார்த்தேன். தண்ணீருக்குப் போகிற பெண்கள் நின்று கை தட்டுவார்கள். எனக்குச் சில நாள் திருப்பித் தட்ட மறந்துவிடும். சில நாள் சமைக்கவும் மறந்துவிடும். அது ஒன்றும் இல்லை, அந்த ஊர் வெயில் ஆளை மந்தமாக்கிவிடும். பத்தாம் நாளோ என்னமோ, எனிஃபா வந்து நின்று என் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

மறுநாள் பம்பு நின்றுவிட்டது.

ஆறேழு பெண்கள் ஓட்டமாக வந்தார்கள். "பம்போ! பம்போ!" பம்போ என்றால் ஐயா. போய்ப் பார்த்தேன். பம்பின் கைப்பிடியையும் உள்ளே தொங்குகிற கம்பியையும் ஒரு செயின் இணைக்கும், சைக்கிள் செயின் மாதிரி. அந்தச் செயினைக் கைப்பிடியோடு பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். அது கழன்றால் கைப்பிடி சும்மா ஆடும், தண்ணீர் வராது. அதுதான் கழன்றிருந்தது. மாட்டி இறுக்கினேன். பத்து நிமிஷ வேலை. தண்ணீர் வந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள் அம்மணி. நம் ஊர்க் கோயிலில் போடுவார்களே, அதே குலவை. களி, மீன், ஒரு கோழிகூடக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் சமைத்துச் சாப்பிட்டேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி. அதே போல்ட்.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. வியாழக்கிழமை தவறாது. அந்த நட் தானாகக் கழலாது, தெரியுமா? உள்ளே நைலான் வளையம் வைத்தே செய்கிறார்கள். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால்தான் வரும். இந்த ஊரிலோ தானாகக் கழல்கிறது! அடிக்கிற முறை சரியில்லை, முரட்டுத்தனம் என்று முடிவுக்கு வந்தேன். கழன்ற நட் ஒருநாளும் தொலைந்ததில்லை. பக்கத்துக் கல்லின்மேல் ஒரு இலையில் துடைத்து வைத்திருக்கும். எடுத்து வைக்கத் தெரிகிறது, கழலாமல் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை! எனக்கு பம்போ போல்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் ஸ்பேனரோடு நடந்தால் வழியில் நிற்கிற பெண்கள், "பம்போ போல்ட் வேலைக்குப் போறாரு, வழி விடுங்க!" என்று கத்துவார்கள். எனிஃபா எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். அவள் இடுப்புத் துணி முடிச்சில் எப்போதும் ஏதோ கனமாக ஒன்று தொங்கும். சாவிக்கொத்து என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது, என்ன சாவியோ.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துவிட்டேன். வியாழக்கிழமை வந்து போயிற்று. ஐயோ, பம்பு நின்றிருக்குமே என்று தட்டுத் தடுமாறி எழுந்து போனால் தண்ணீர் கொட்டுகிறது. ஒருமுறை சிப்பாட்டாவில் கூட்டத்துக்குப் போய்ப் பத்து நாள் இல்லை. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம். திரும்பி வந்த இரண்டாம் நாள், போல்ட்.

அறிக்கை எழுதும் நாள் வந்தது. எனக்கு இங்கிலீஷ் சந்தேகம் வருமே, அதனால் ம்வாலேயை உட்காரவைத்து எழுதினேன். கசோமா: பன்னிரண்டு வாரத்தில் பதினாறு முறை பழுது, ஒரே காரணம், கவனக்குறைவு. ம்செகா: ஒரு பழுதும் இல்லை, ஒருவரும் என்னை அழைத்ததில்லை.

ம்வாலே பேனாவை வைத்துவிட்டார். "பம்போ, அந்த போல்ட்டை எழுதவேண்டாம்."

"ஏன்?"

"அது பம்பு போல்ட் இல்லை. உங்கள் போல்ட்."

பாருங்கள், அவருடைய இங்கிலீஷ் அப்படி. "புரியும்படி சொல்லுங்க" என்றேன்.

"நான் சொல்லக்கூடாது என்று மாயி எனிஃபா சொல்லியிருக்கிறார். நீங்கள் வெட்கப்படுவீர்களாம்."

"பதினாறு முறை உடைச்சது அவங்க. நான் எதுக்கு வெட்கப்படணும்?"

"ம்செகாவில் ஏன் பழுதில்லை என்று யோசித்துப் பாருங்கள். அங்கே யார் இல்லை?"

"முரட்டுத்தனமா அடிக்கிற ஆள் அங்கே இல்லை" என்றேன். அவர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். அப்புறம், "கலிம்பாவில் என் அக்கா இருக்கிறாள். ஆறு குழந்தைகள். ஊற்றுத் தண்ணீர்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்காகக் கெஞ்சுகிறார். சிபாரிசு! நம் ஊரில் இருக்கிற அதே வியாதி. என் மனசு கொஞ்சம் இளகியது, பொய் சொல்லமாட்டேன். கலிம்பாவுக்குக் கொடுத்தால் நல்லது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பதினாறு முறை கெட்டதை இரண்டு முறை என்று எழுத என் கை வராது. அன்றைக்கு அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பம்பு ம்செகாவுக்கு என்று தாள் வந்தது. ம்வாலே அதைப் பம்புக்குப் பக்கத்தில் நின்று படித்தார். என்ன காரணம் என்பதையும் படிக்கச் சொன்னேன். தெரிந்தால்தானே திருந்துவார்கள். யாரும் கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. கை தட்டினார்கள், மெதுவாக. அதற்கப்புறம் ம்வாலேக்கும் எனிஃபாவுக்கும் மாமரத்தடியில் பெரிய வாக்குவாதம். அவர் என் வீட்டைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், இல்லை இல்லை என்று. என்ன சண்டை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர்ச் சண்டையில் தொண்டர் தலையிடக்கூடாது என்பது சட்டம். நான் அன்றைக்கு முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. "பம்போ! பம்போ போல்ட்!"

அதே போல்ட் அம்மணி! கையில் வந்த பம்பை இழந்த பிறகும்! திருந்தவே இல்லை. இறுக்கிக் கொடுத்தேன். குலவை போட்டார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தம் குறைவு.

செப்டம்பரில் பைப்பும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. நானும் ம்செகாவிலேயே தங்கவேண்டும் என்று உத்தரவு. பெட்டி படுக்கையோடு முன்னால் ஏறிக்கொண்டேன். அங்கே அறிமுகம் செய்துவைக்க ம்வாலேயும் வந்தார். கலிம்பாவைத் தாண்டி ஆற்றைக் கடக்கும்போது சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. டிரைவர் எவ்வளவு உறுமவிட்டும் நகரவில்லை. அந்த இடத்தில்தான் கலிம்பாப் பெண்கள் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்தார்கள். அவர்களுக்கு வரவேண்டிய பம்பு பின்னால் கிடக்கிறது, அவர்களுக்கும் தெரியும். ஈரமணல் ஒட்டிய கையோடு முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு. லாரி மேட்டில் ஏறிவிட்டது.

எனிஃபா ஜன்னல் பக்கம் வந்தாள். மூச்சு வாங்குகிறது. ஏதோ கேட்டாள்.

"என்னவாம்? பம்பைக் கேக்கறாங்களா?"

"இல்லை. ம்செகாவில் பம்பு அடிக்கடி கெட்டுப்போகுமா என்று கேட்கிறார்."

எனக்கு அது குத்தலாகப் பட்டது. "சொல்லுங்க. அங்கே இருக்கறவங்க ஜாக்கிரதையானவங்க. ஒரு போல்ட் கழலாது."

அவர் சொன்னார். அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. பொறாமை என்று நினைத்தேன். கதவில் கை வைத்து இன்னொன்று கேட்டாள். ம்வாலே அந்தப் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டார். நான் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

"அப்படியானால் பகல் முழுக்க பம்போ என்ன செய்வார் என்று கேட்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஊருக்கே தண்ணீர் போயிற்று, இந்த அம்மாளுக்குக் கவலை நான் என்ன செய்வேன் என்று! எது முக்கியம் எது முக்கியமில்லை என்று தெரியாத ஜனங்கள். அதுதான் என் கடைசி அபிப்பிராயமும். டிரைவர் கிளப்பிவிட்டார், அதனால் நான் பதில் சொல்லவில்லை.

ம்செகாவில் பம்பு ஒருநாளும் கெடவில்லை. நான் எழுதியது சரியாகத்தான் இருந்தது. நல்ல ஒழுங்கான ஊர், அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். சம்சாரம் இருக்கிறாளா என்று கேட்டார்கள். ஊரில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். வாசலில் வந்து கூட்டமாக உட்கார்ந்துகொண்டால் யார் சமாளிப்பது?

இரண்டு வருஷம் முடிக்கவில்லை. நாலாவது மாதம் என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டேன். காரணம் என்ற இடத்தில் உடல்நிலை என்று போட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.